பெயருக்கு இடம் விட்டு அடித்த கடிதம்

என் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மலாக்கா பட்டணத்தில் ஹாக்கி ஆடிய காலத்தில் இடது ஓரத்தில் நான் ஓடத் தொடங்கினால், ஆறடி ஆட்களெல்லாம் என் முதுகைத்தான் பார்த்தார்கள்.

நாடு சுதந்திரம் வாங்கிய புதிது. காஜா பேராங்கில் இருந்த ஒரு காப்பிக்கடைதான் எங்கள் குழுவுக்கு அலுவலகம், நீதிமன்றம் எல்லாம். பயிற்சி முடிந்து சேற்றுக் காலோடு அங்கே உட்கார்ந்தால் ஒரே வழக்குதான்: கோப்பை ஆட்டங்களுக்கு ஆள் பெரிதாக இருக்க வேண்டுமா, வேண்டாமா? ஒன்றில் தோற்றாலும் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டங்கள் அவை. அவை தொடங்குவதற்கு முன் ஒரு குழு இன்னொரு குழுவோடு ஓர் ஆளை மாற்றிக்கொள்ளலாம். கேப்டன் கையெழுத்திட்ட விடுவிப்புக் கடிதம் ஒன்று போதும். ஆட்டக்காரனைக் கேட்க வேண்டும் என்று விதி எதுவும் கிடையாது.

எங்கள் கோல்கீப்பர் தபால்காரர். அவருக்குப் பெரிய ஆள் வேண்டும்.

"மழையில பந்து உருளாது லா. பாடாங் திடல் முழுக்கச் சேறு. பெரிய பாடியா ஒருத்தன் பின்னால நின்னு ஓங்கி அடிக்கணும். இவன ஒரு இடி இடிச்சா கடல்ல போய் விழுவான்" என்று என்னைக் காட்டிச் சொல்வார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் நான் வாய் திறப்பதற்குள் கேப்டன் திறந்துவிடுவான். "கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா? இவன் இல்லன்னா நமக்கு ஏது கோலு? ஒசரம்தான் வேணும்னா தென்னமரத்த நட்டு வைங்க!"

கடையே சிரிக்கும். அவனும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஒரே லாரியில் பட்டணம் வந்தவர்கள். ஒரே வாடகை அறை, சட்டை துவைப்பதும் ஒன்றாகத்தான். அவன் எனக்காகப் பேசுவதில் எனக்கு ஆச்சரியமே இருக்கவில்லை. கோல்கீப்பரோடுதான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

நான் ரப்பர் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட். அதனால் குழுவின் கடிதங்களெல்லாம் என் தலையில். ஒருநாள் மதியம் கேப்டன் அங்கே வந்தான்.

"ஒரு ரிலீஸ் லெட்டர் அடிச்சுக் குடு மச்சான். தோட்டத்து டீம்ல பின்னால ஆடுற பேக் ஒருத்தன் ஆறடியில இருக்கான், கேட்டிருக்கோம். நம்ம ஆளு பேர மட்டும் விட்டுடு, இன்னும் முடிவாகல."

"யார அனுப்பப் போற?"

"ரிசர்வ்ல யாராச்சும்."

பாவம், எவனோ போகப்போகிறான் என்று நினைத்தேன். போகிறவன் மரியாதையோடு போகட்டும் என்று, அவன் கேட்காமலேயே இரண்டு வரி சேர்த்தேன்: இந்த ஆட்டக்காரர் ஒழுக்கமானவர், ஒருநாளும் பயிற்சி தவறாதவர். நீளமான பெயரானாலும் அடங்கும்படி தாராளமாக இடம் விட்டேன்.

மறுவாரம் பயிற்சிக்குப் போகும் வழியில், காப்பிக்கடை வாசலில் கோல்கீப்பர் என்னை மறித்தார். நான் பேச்சை நிறுத்தியிருந்த மனிதர் என் தோளைப் பிடித்தார்.

"எங்க போற தம்பி? ஒன்கிட்ட யாரும் சொல்லலியா?"

உள்ளே சுவரில் நான் அடித்த கடிதம் ஒட்டியிருந்தது. நான் விட்ட இடத்தில், கேப்டனின் கோணல் எழுத்தில், என் பெயர். அதற்குக் கீழே என் ஒழுக்கத்துக்கு நானே கொடுத்த நற்சான்று. கூட இருந்தே குழி பறிப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். அந்தக் குழியை என்னையே வெட்டவைத்தான் அவன்.

இரண்டு நாள் அவன் அறைப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் வந்து சட்டையை மடித்துக்கொண்டே சொன்னான்: "மழைக்காலம் மச்சான். வேற வழியில்ல."

"அப்ப கடுகு, காரம்னு பேசுனது?"

"நீ மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்."

"என் மூஞ்சிக்கு நேரா, 'நீ சின்ன ஆளு, மழைக்கு ஆக மாட்டே'ன்னு சொல்லியிருந்தா, என் பேர நானே அடிச்சுக் குடுத்திருப்பேன்டா" என்றேன். அவன் சட்டையை மறுபடி பிரித்து மடித்தான்.

தோட்டத்துக் குழுவில் நான் ஆடினேன். முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். இறுதி ஆட்டத்தன்று நல்ல மழை. கூட்டத்தோடு நின்று பார்த்தேன். என் இடத்துக்கு வந்தவன் சேற்றிலிருந்து பந்தைப் பெயர்த்துப் பெயர்த்து அடித்தான். எங்கள் குழு, இல்லை, அவர்கள் குழு கோப்பையை வாங்கியது. உருவம் முக்கியம்தான். கோல்கீப்பர் சொன்னது சரி. அவர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார்.

அடுத்த நாள் கேப்டன் மீண்டும் என் மேசை முன் வந்து நின்றான். பெரிய ஆளைக் கொடுத்ததற்காகத் தோட்டத்துக் குழுவுக்கு நன்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். நான் காகிதத்தைச் செருகினேன்.

"பேருக்கு இடம் விடணுமா?" என்று கேட்டேன்.

கடிதத்தைப் பிழையில்லாமல் அடித்துக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே புக்கிட் பாருவில் எனக்கு மட்டும் ஓர் அறை பார்க்கப் போனேன்.