சூடாக இருந்த இன்ஜின்

கேலி செய்வதென்றால் செய்துகொள்ளுங்கள். என் வீட்டிலேயே பாதிப் பேர் இதை நம்பவில்லை. ஆனால் நான் ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லவில்லை. நேரம் முதற்கொண்டு என் நோட்டில் இருக்கிறது.

பழைய கனரக இயந்திரங்களைப் பார்த்து, சந்தையில் நியாயமாக என்ன விலை பெறும் என்று மதிப்புப் போடுவது என் தொழில். பத்தொன்பது வருடமாகச் செய்கிறேன். கிழட்டு இயந்திரத்துக்குப் பெயின்ட் அடித்துப் புதுசுபோல நிறுத்தும் ஆட்கள் நிறைய. அதனால் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. விடிவதற்கு முன், சொல்லாமல் போய் நிற்பேன். இரவெல்லாம் ஆறிக் கிடந்த இன்ஜினைக் கிளப்பினால்தான் அதன் வண்டவாளம் தெரியும். முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைத்திருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம்.

அன்று பார்க்கப் போனது மண் தோண்டும் ஒரு எக்ஸ்கவேட்டர். வாங்கப்போவது என் தங்கை வீட்டுக்காரர். லாரி ஓட்டுபவர். மூன்று நாள் முன்பு போய் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். அன்றிலிருந்து அதே பேச்சு. வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். தங்கைக்கு இருப்பதே அந்த ஒரு வீடுதான். காலை பத்து மணிக்குள் நான் சரி என்றோ வேண்டாமென்றோ சொல்ல வேண்டும்.

4:50. இயந்திரம் நின்ற இடத்தின் காவலாளி கேட்டைத் திறந்துவிட்டார். இன்ஜின் மூடியைத் தூக்கிக் கையை வைத்தேன்.

சுட்டது.

எனக்கு எரிச்சலாக வந்தது.

"யாருங்க இதை ஓட்டினது?"

"யாரும் தொடலையே சார்."

"சுடுதே."

அவர் தன் அறைக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். திருட்டுக்குப் பயந்து அதன் பேட்டரிகளைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்கள். இரண்டின் மேலும் தூசி படிந்திருந்தது.

"தள்ளுவண்டி எடுத்துட்டு வரேன், மாட்டிடலாம்" என்று அவர் போய்விட்டார்.

5:05. நான் தனியாக இயந்திரத்தைச் சுற்றி வந்தேன். சங்கிலி... மூட்டு ஆணிகள்... பக்கெட்டின் பற்கள்... எதிலும் மனம் நிற்கவில்லை.

மேலே கேபினில் 'ஸ்ஸ்ஸ்...' என்று காற்று இறங்கியது. ஓட்டுநர் சீட்டுக்கு அடியில் காற்றுப்பை இருக்கும். ஆள் உட்கார்ந்தால் அப்படித்தான் இறங்கும்.

டார்ச்சைத் திருப்பினேன். யாரும் இல்லை.

சீட் தணிந்திருந்தது.

5:09. 'டக்'. பாதுகாப்பு லீவர் இறங்கியது. வேலை தொடங்கும் முன் ஓட்டுநர் இறக்கும் லீவர் அது.

இயந்திரத்தை இயக்கும் இடது கைப்பிடி அசைந்தது... மெதுவாக.

பிறகு வலது.



மறுபடி 'ஸ்ஸ்ஸ்...' யாரோ எழுந்ததுபோல சீட் மேலே வந்தது.

ஓடினேன்.

6:30க்குப் போன் செய்தேன்.

"வேண்டாம் மாப்பிள்ளை."

"ஏன் மச்சான், என்ன குறை?"

"இன்ஜின் போச்சு."

தொழிலில் நான் சொன்ன முதல் பொய் அது. அவர் கோபத்தில் போனை வைத்துவிட்டார். வீடு தப்பித்தது, அது போதும் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து இயந்திரத்தின் சொந்தக்காரர் கூப்பிட்டார். மதிப்புப் போடாமல் போனது ஏன் என்று கேட்டார். நான் பார்த்ததை அப்படியே சொன்னேன்.

"பழைய ஆபரேட்டர் சார்... போன வருஷம் வேலை பாத்துட்டு இருக்கும்போதே நெஞ்சுவலி. சீட்டுலயே போய்ட்டாரு. கை ரெண்டும் அந்தக் கைப்பிடிய விடல. ஒவ்வொரு விரலா பிரிச்சுத்தான் எடுத்தோம்."

அன்று மாலை தங்கை பேசினாள். பத்திரம் பீரோவுக்குத் திரும்பிவிட்ட சந்தோஷம் அவளுக்கு. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

"அவருக்கு இன்னும் அந்த ஆசை போகல அண்ணே. அதுல ஏறிப் பாத்துட்டு வந்த அன்னைக்குப் பிடிச்சது... தூங்கும்போது ரெண்டு கையும் முன்னால நீட்டி, எதையோ அங்கயும் இங்கயும் தள்ளிட்டே இருக்காரு. நேத்து எழுப்பலாம்னு கையைப் பிடிச்சேன். மூடின விரலைப் பிரிக்கவே முடியல."