விமலா அக்காவின் டீ சோறு

விமலா அக்கா இறந்துவிட்டார். ஹார்ட் அட்டாக். நேற்று காலை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் வந்தது.

அதன் கீழே மேனேஜர் சார் கைகூப்பும் எமோஜி ஒன்று போட்டிருந்தார். நான் அதுகூடப் போடவில்லை...

டில்லி கரோல் பாகில் என் முதல் வேலை. எனக்குப் பக்கத்து சீட் அக்கா. ஆபீஸில் தமிழ் பேச எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் பேசியதும் குறைவு.

அக்கா வீட்டிலிருந்து ஊறவைத்த அரிசி கொண்டுவருவார். கெட்டிலில் தண்ணீர் ஊற்றி, டீத்தூளும் ஏலக்காயும் கட்டிய துணி முடிச்சைப் போட்டுக் கொதிக்கவிடுவார். அரிசியைப் பெரிய ஃப்ளாஸ்க்கில் போட்டு, உப்பு சேர்த்து, அந்த டீத்தண்ணீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி மூடிவிடுவார். ஒரு மணிக்குத் திறந்தால் செம்பழுப்பில் சோறு.

"டில்லி தண்ணில வெறும் சோறு எறங்காதுடி. இது பார், மணக்குதா? ஜல்தி சாப்பிடு, சார் வந்தா அவருக்கும் பங்கு கேப்பார்."

உண்மையிலேயே மணக்கும். துவர்ப்பு லேசாக நாக்கில் நிற்கும். ஊறுகாய் போதும்.

ஒருநாள் மெட்ரோ நின்றுவிட்டது என்று அக்கா போன் செய்தார். அன்றைக்கான அரிசியை முந்தின நாளே ஆபீஸ் ஃப்ரிட்ஜில் ஊறவைத்திருந்தார். "நீயே ஊத்திடேன்."

நான் உப்பை ஃப்ளாஸ்க்கில் போடாமல் கெட்டிலிலேயே போட்டுவிட்டேன். பாதியை ஊற்றினேன். மீதி கெட்டிலில் இருந்தது.

அன்று ஹெட் ஆபீஸிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். பிளாக் டீ தயாராக இருக்கிறதே என்று சார் தானே எடுத்துக் கொடுத்துவிட்டார். ஒருவர் கர்ச்சீப்பில் துப்பினார்.

இதில் உப்பு போட்டது யார் என்று சார் ஹிந்தியில் கத்தினார். என் சீட்டில் நான் எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை.

அப்போதுதான் உள்ளே வந்த அக்கா, தோளில் பையோடு என்னை ஒரு தடவை பார்த்தார். "மைனே கியா, சர். கல்தி ஹோ கயி." நான்தான் போட்டேன், தப்பு நடந்துவிட்டது என்றார்.

மாடிப்படியில், "ஏன்க்கா?" என்றேன்.

"அரே, உனக்கு ப்ரொபேஷன் முடியலல்ல? நான் ஆறு வருஷமா இருக்கேன். என்னை என்ன பண்ணிடுவார்?"

அடுத்த மாதம் அக்காவின் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அதற்கடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது.

பிறகு ஒரு மெசேஜ் வந்தது. "வேற எங்கயும் கெடைக்கலடி. சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிப் பாரேன். இப்ப உன்னை ஒண்ணும் பண்ண முடியாதுல்ல."

"சரிக்கா" என்று அனுப்பினேன்.

சார் ரூம் வாசல் வரை இரண்டு முறை போனேன்... திரும்பிவிட்டேன்.

அக்கா மறுபடி கேட்கவே இல்லை.

இன்று அவர் வீட்டுக்குப் போனேன். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானா அந்தப் பொண்ணு? ஆபீஸ்ல உன்னை மட்டும்தான் சொல்லுவா. அப்படி என்னம்மா தப்பு பண்ணா எங்கக்கா? எவ்ளோ கேட்டும் சொல்லல."

தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அன்று உப்பு போட்டது நான்தான். இதைப் போஸ்ட் செய்யும் இந்தப் பக்கத்தில் சாரும் இருக்கிறார். படிக்கட்டும். அக்காவுக்கு இனி எந்த வேலையும் தேவையில்லை.

விமலா அக்கா... என்னால் இவ்வளவுதான் முடிந்தது.