அந்தம்மாவை எங்க வுட்டான்?

சுக்கு காபியை அடுப்பிலிருந்து இறக்கும்போது போன் இரண்டு தடவை சிணுங்கியது. நான் கதை எழுதும் செயலியிலிருந்துதான். முந்தின நாள் ஏற்றிய காதல் கதைக்கு இரண்டு விமர்சனங்கள் வந்திருந்தன. முதலாவது ஐந்து நட்சத்திரம். ‘செம சிஸ், அழுதுட்டேன்’ என்று போட்டு, அழுகிற பொம்மை முகங்களை வரிசையாக அடுக்கியிருந்தாள் ஒரு பெண். அடுத்ததற்கு இரண்டே நட்சத்திரம். ‘ஸ்டோரி நல்லாதான் போகுது. ஆனா உங்க எல்லாக் கதையிலயும் எதுக்கு ஒரு அம்மா வந்து நடுவுல உக்காந்துக்கறாங்க? அந்தப் பக்கமெல்லாம் ஸ்கிப்.’

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் ‘சிஸ்’ பட்டம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்கு இதற்கெல்லாம் கோபப்பட என்ன உரிமை? அந்தச் செயலிக்காரர்கள் வேறு ஒரு வாரமாகத் துளைக்கிறார்கள். சிறுகதைகளுக்கு வந்த விமர்சனங்களில் பிடித்ததை எடுத்துப் பகிருங்கள், புது வாசகர்கள் வருவார்கள் என்று. நானும் தினம் போனைத் தேய்த்துத் தேய்த்துத் தேடுகிறேன். எல்லோரும் என்மேல் அன்பாகத்தான் இருக்கிறார்கள், குறை சொல்லக் கூடாது. ஆனால் எனக்கு மிகவும் பிடித்த விமர்சனம் அந்தப் போனில் இல்லை. அது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில், ஒரு சுக்கு காபிக் கடையில் கிடைத்தது. சொன்னவர் பெயர் பச்சையம்மா.

பச்சையம்மாவைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் பாய் கடையைச் சொல்ல வேண்டும். தேரடித் தெருவிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் பாய் வாடகைக்குப் புத்தகம் விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்தால் பசை வாசனையும் அந்துருண்டை வாசனையும் சேர்ந்து தலையைப் பிடிக்கும். வாரப் பத்திரிகைகளில் வரும் கதைகளைக் கிழித்து, சேர்த்துத் தைத்து, காக்கி அட்டை போட்டு வைத்திருப்பார். ஒவ்வொரு கதைக்குப் பின்னாலும் ஒரு வெற்றுத்தாளை ஒட்டியிருப்பார். அது வாசகர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கு. பெருந்தன்மையால் வந்த ஏற்பாடில்லை அது. ஒரு காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் கதையின் முதல் பக்கத்திலேயே ‘கடைசியில் இவன் செத்துப்போவான்’ என்று மையால் எழுதி வைத்துவிட்டானாம். அன்றிலிருந்து வெற்றுத்தாளும், மேசையில் சணல் கயிற்றில் கட்டிய பென்சிலும். கெட்ட வார்த்தை இருந்தால் மட்டும் பாய் ரப்பரால் அழிப்பார். மற்றபடி யார் என்ன எழுதினாலும் அவருக்குக் கவலையில்லை.

நான் அப்போது வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். காதல் கதை எழுதுகிறாள் என்று தெரிந்தால் அலுவலகத்தில் மானம் போய்விடும் என்று ‘நிலவன்’ என்று ஆண் பெயர் வைத்துக்கொண்டேன். என் முதல் கதை பாய் கடைக்கு வந்த பிறகு, வேறு ஏதோ புத்தகம் தேடுகிறவள் போலப் போய் அந்த வெற்றுத்தாளைப் பிரித்தேன். ‘பரவாயில்லை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதன் கீழே வேறு கையெழுத்தில் ‘எது பரவாயில்லை?’ அதற்கும் கீழே மூன்றாவது ஆள், ‘கதாநாயகியின் புடவை.’ அடுத்த கதைக்கு ஒரு பெண்மணி, ‘நிலவன் சார், உங்கள் மனைவி கொடுத்து வைத்தவர்’ என்று எழுதிவிட்டாள். அதை வீட்டில் சொல்லியிருக்கவே கூடாது. என் கணவர் ஒரு மாதம் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார்.

அலுவலகத்தில் என் ரகசியம் தெரிந்த ஒரே ஆள் மல்லிகா அக்கா. எங்கள் பிரிவில் டைப்பிஸ்ட். என் கோழிக்கிறுக்கலைப் பத்திரிகைக்காரர்கள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்ததால், சாப்பாட்டு நேரத்தில் அக்காதான் என் கதைகளை அடித்துக் கொடுப்பாள். நாற்பதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகவில்லை. அப்பா செத்துப்போனார், அண்ணன் பெங்களூரில், அம்மாவும் அக்காவும் மட்டும் அடி அண்ணாமலையில் கொஞ்சம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அந்த அம்மாதான் பச்சையம்மா. எட்டாவது வரைக்கும் படித்தவர், கதைப் பைத்தியம். அக்கா சாயங்காலம் பாய் கடையில் ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவாள். மறுநாள் மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது எனக்குத் தீர்ப்பு வந்துவிடும். நிலவன் யாரென்று அம்மாவிடம் அக்கா சொல்லவில்லை. சொன்னால் மரியாதைக்கு நல்லா இருக்குன்னு சொல்லிடும், வேண்டாம் என்பாள்.

பச்சையம்மாவின் தீர்ப்பெல்லாம் காபிக்குச் சொல்வது மாதிரிதான் இருக்கும். ‘பேச்சு ஜாஸ்தி, விஷயம் கம்மி.’ ஒரு கதைக்கு, ‘காலையில இருந்து ராத்திரி வரைக்கும் ரெண்டும் சுத்துதுங்களே, நடுவுல ஒரு இட்லியாவது துன்னுதுங்களா?’ என்று கேட்டாராம். திரும்ப எடுத்துப் படித்துப் பார்த்தேன். உண்மைதான், என் கதையில் யாருமே சாப்பிட்டிருக்கவில்லை. அடுத்த கதையில் காதலர்களுக்கு மூன்று வேளையும் போட்டேன். ‘ஓட்டல் கதையா இது?’ என்று வந்தது பதில்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் வாத்தியார் வந்தார். போளூரில் பள்ளிக்கூட வாத்தியார், மனைவி இறந்து பல வருடமானவர், பிள்ளைகள் கிடையாது. நிலத்துப் பத்திரம் ஏதோ ஒன்றுக்காக எங்கள் அலுவலகத்துக்கு நடந்தார். காகிதம் கைக்கு வந்த பிறகும் நடந்தார். வந்து மல்லிகா அக்காவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, ஃபேன் காத்து இங்கதாங்க நல்லா வருது என்பார். அங்கே ஃபேனே ஓடாது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசித்தது என்றால், அப்படி ஒரு யோசனை. டைப் அடிக்கிற தாளில் தப்பு விழ ஆரம்பித்தது. அக்காவுக்குத் தப்பே விழாது.

ஒருநாள் சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

“நீ ஒரு கதை எழுதேன். என் வயசுல ஒருத்தி கல்யாணம் பண்ணிக்கிற மாதிரி. பாய் கடையில என்ன எழுதறாங்கன்னு பாக்கலாம்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர் வாயைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு, ஊர் வாயைப் பென்சிலால் எழுதி வாங்கிப் பார்க்கலாம் என்று நினைத்தவளை அன்றுதான் பார்த்தேன். எழுதினேன். அதுவரை எழுதியதிலேயே உருகி உருகி எழுதியது அதைத்தான். நாற்பத்திரண்டு வயதுப் பெண், கண் சரியாகத் தெரியாத அம்மாவோடு இருக்கிறாள். வேலூரிலிருந்து ஒருவர் வருகிறார். தயங்கித் தயங்கிக் கடைசியில் மாலை மாற்றிக்கொண்டு, இரண்டு பேரும் பௌர்ணமி நிலவில் மலையைச் சுற்றி நடந்து போவதோடு கதை முடியும். டைப் அடித்த அக்காவின் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள்.

கதை வெளிவந்து, பாய் அதைத் தைத்து அடுக்கில் வைத்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் அலுவலகம் விட்டதும் அங்கே ஓடுவோம். பரீட்சை எழுதிய பிள்ளைகள் ரிசல்ட் பார்க்கப் போவது மாதிரிதான். ‘அருமை’ என்று ஒன்று. ‘என் சித்திக்கு இப்படி ஒருத்தர் வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்’ என்று ஒன்று. ‘இந்த வயசுல இதெல்லாம் தேவையா?’ என்று ஒன்று இருந்தபோது அக்காவின் முகம் சுருங்கியது. இரண்டு நாள் கழித்துப் போனால் அதன் கீழேயே யாரோ, பென்சில் முனை உடைகிற அழுத்தத்தில், ‘உனக்கு என்ன போச்சு?’ என்று எழுதியிருந்தார்கள். அக்கா சந்திலேயே நின்று சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் ஊர் பாஸ் போட்டால் மட்டும் போதாதே. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது அக்கா சொன்னாள், இதை அம்மாகிட்ட எடுத்துட்டுப் போகத்தான் பயமா இருக்கு என்று. தான் போய்விட்டால் அம்மா தனியாகக் கிடக்கும், மகனிடம் பெங்களூருக்கும் போகாது, இந்தப் பேச்சை எடுத்தாலே உடைந்துபோய்விடும் என்பது அவள் கணக்கு. அதே கணக்கில்தான் முன்னே வந்த வரன்களையும் தட்டிவிட்டிருக்கிறாள். ஆனாலும் அன்று புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் தீர்ப்பு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. அம்மா படித்துவிட்டது, மூடி வைத்துவிட்டது, ஒன்றும் சொல்லவில்லை என்றாள் அக்கா. அந்த வாரமே வாத்தியார் வந்து, திங்கட்கிழமை வரேங்க, எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, அதுக்கு மேல உங்களைத் தொந்தரவு பண்ணமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இல்லைன்னு சொல்லிடலாம்னு இருக்கேன் என்று அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நடுவில் சனிக்கிழமை பௌர்ணமி. வெயில் தாழக் கோயிலிலிருந்து கிளம்பி, செங்கம் ரோடு வழியாக ஆசிரமத்தைத் தாண்டி, செருப்பில்லாத காலை நொந்துகொண்டே அடி அண்ணாமலை போய்ச் சேர்ந்தேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வை வைத்துச் சுக்கு காபி விற்பது பச்சையம்மாவின் வழக்கம். சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதிக்கிற வாசனை நாலு வீட்டுக்கு முன்னாலேயே ஆளை இழுக்கும். அக்கா என்னை ஆபீஸ் பொண்ணு என்று அறிமுகப்படுத்தினாள். பச்சையம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீயும் அந்தக் கதைப் புக்குல்லாம் படிப்பியாமே. நாப்பது வயசுக்காரி கல்யாணம் கட்டிக்கிற கதை படிச்சியா?”

படிச்சேன்மா என்றேன். எப்படி இருந்தது என்று கேட்டேன். பக்கத்தில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிரவே இல்லை.

“நல்லாத்தான் எழுதிக்கீறான். அந்தப் பொண்ணு பண்ணிக்கிட்டதும் நாயம்தான். ஆனா அந்தம்மாவை எங்க வுட்டான்?”

எந்தம்மா என்று கேட்டேன்.

“முதல்ல கண்ணு தெரியாத அம்மான்னு எழுதறான். மாலை மாத்தும்போது பாரு, அந்தம்மா இல்ல. மலை சுத்தப் போறாங்க, அப்பவும் இல்ல. செத்துப் போச்சுன்னாச்சும் ஒரு வரி எழுதக் கூடாது? வூட்டுக்குள்ள குருடியா உக்கார வச்சிட்டு அவன் பாட்டுக்குக் கதையை முடிச்சிட்டான். நானும் ரெண்டு தபா பொரட்டிப் பாத்துட்டேன்.”

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எழுதியவளுக்கே அது தெரியாது. அச்சானதும் தெரியாது, அத்தனை பேர் பென்சிலால் எழுதினார்களே, அவர்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. காதல் முக்கியம் என்று அந்த அம்மாவை நடு வீட்டில் மறந்துவிட்டு வந்திருக்கிறேன்.

அக்கா கழுவின டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

“சொல்லியிருந்தா அந்தம்மா என்ன சொல்லியிருக்கும்மா?”

“அது அந்தம்மாவைக் கேட்டாத்தானே தெரியும்? யாரும் கேக்கலையே.”

அதற்குள் ஆந்திராக்காரர் கூட்டம் ஒன்று வந்து காபி கேட்க, பச்சையம்மா திரும்பி ஊற்ற ஆரம்பித்துவிட்டார். நான் மிச்சத் தூரத்தை எப்படி நடந்தேன் என்று நினைவில்லை.

திங்கட்கிழமை அக்கா வந்து பையை வைத்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். பச்சையம்மா அழவுமில்லை, உடையவுமில்லை. வாத்தியாருக்குச் சொந்த வீடா, குடி உண்டா என்று விசாரித்துவிட்டு, நான் எங்கியும் வரமாட்டேன், பௌர்ணமிக்குக் கடை யாரு போடறது, அவரு வேணா இங்க வரட்டும் என்றாராம். வாத்தியார் வந்தார். ஐம்பது வயதில் வீட்டோடு மாப்பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் கிண்டல் பண்ண, அடி அண்ணாமலையிலிருந்து போளூருக்குத் தினம் பஸ்ஸில் போய் வந்தார். பௌர்ணமிக்கு மாமியாரின் பக்கத்தில் நின்று காபி வடிகட்டினார். முதல் மாதம் அவர் போட்ட காபிக்கு, ‘சுக்கு கம்மி, பேச்சு ஜாஸ்தி’ என்று தீர்ப்பு வந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அதன்பிறகு நான் கதையை முடிக்கும்போதெல்லாம் ஒருமுறை திரும்பிப் போய் வீட்டுக்குள் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் முற்றுப்புள்ளி வைப்பேன். அப்படி வந்து உட்கார்ந்தவர்கள்தான் அந்த இரண்டு நட்சத்திரப் பெண் தாண்டிக் குதித்துப் போகிற அம்மாக்கள். அப்படி எழுதிய முதல் கதையைப் படித்துவிட்டுப் பச்சையம்மா, ‘இவன் தேவல. முன்ன ஒருத்தன் எழுதினானே, அந்த மாதிரி இல்ல’ என்றார். இரண்டும் ஒரே ஆள்தான் என்பதைப் பெயர் பார்க்காத அந்த அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

பாய் கடை இருந்த இடத்தில் இப்போது செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். பைண்டு புத்தகங்களைப் பாயின் மகன் பழைய பேப்பருக்குப் போட்டுவிட்டதாகக் கேள்வி. ‘உனக்கு என்ன போச்சு?’ என்ற அந்தக் கையெழுத்தும் எங்கேயோ பொட்டலமாகப் போயிருக்கும். மல்லிகா அக்காவும் வாத்தியாரும் ஓய்வுபெற்று அதே வீட்டில்தான் இருக்கிறார்கள். பௌர்ணமிக்கு இன்றும் சுக்கு காபி உண்டு, டம்ளர் போய்ப் பேப்பர் கப் வந்துவிட்டது. பச்சையம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. கடைசியில் அவருக்கே கண் மங்கிவிட்டது. வாத்தியார்தான் மாமியாருக்குக் கதை படித்துக் காட்டினார், என் கதைகளையும் சேர்த்து.

செயலிக்காரர்களுக்கு அந்த இரண்டு நட்சத்திர விமர்சனத்தைத்தான் அனுப்பினேன். தவறிப் போட்டுவிட்டீர்களா மேடம் என்று கேட்டார்கள். இல்லை, அதுதான் என்றேன். அந்தப் பெண்ணுக்காவது அம்மா கண்ணில் பட்டிருக்கிறாள். காபி ஆறிப்போயிருந்தது. எடுத்துக் குடித்தேன். சுக்கு கம்மி. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.