விரதம் என்று குறித்த வாரங்கள்

எழுபதுகளின் கடைசியில் மனநல ஆராய்ச்சிக்காகத் திருவண்ணாமலைக்குப் போனேன். தூக்கம், சாப்பாடு, மனசு மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுக்கின்றன என்று பார்ப்பதுதான் என் வேலை. செங்கம் ரோட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, வாரம் ஒருமுறை அடி அண்ணாமலை கிராமத்துக்குப் போய் அங்கிருந்த பெண்களிடம் கேள்வி கேட்டுத் தாளில் குறித்துக்கொள்வேன். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள். மனசு எப்படி இருக்கிறது என்றால், "அதுக்கென்னங்க, அது பாட்டுக்குக் கீது" என்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். படித்த திமிர்.

சாப்பாட்டு விஷயம்தான் பெரிய தலைவலி. திங்கள், செவ்வாய், வெள்ளி, கிருத்திகை, பிரதோஷம், பௌர்ணமி என்று அங்கே எந்த நாளும் யாருக்காவது விரதம். சாமிக்காகச் சாப்பிடாமல் இருப்பதையும் பசியில்லாமல் சாப்பிடாமல் இருப்பதையும் குழப்பிவிடக் கூடாது என்று என் பேராசிரியர் சொல்லியிருந்தார். அதனால் தாளில் விரதத்துக்கென்று தனிக் கட்டம் போட்டேன். அதில் குறித்துவிட்டால் நோயின் அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அங்கே மல்லாட்டை என்று சொல்லும் வேர்க்கடலைக் கொல்லையில் வேலை செய்யும் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். முதல் வாரமே, "சோறு எறங்க மாட்டேங்குதுங்க டாக்டரம்மா" என்றாள். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தபடியே, "விரதமா?" என்று கேட்டேன். என் முகத்தைக் கொஞ்சம் பார்த்தாள்.

"ஆமாங்க. விரதம்தான்."

அடுத்த வாரத்திலிருந்து நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. அவளே சொல்லிவிடுவாள். ஒன்பது வாரம் அப்படியே எழுதினேன். விடியுமுன்பே விழிப்பு வந்துவிடுகிறது என்றாள். பட்டினி கிடந்தால் தூக்கம் எப்படி வரும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரவிக்கைக் கை தொளதொளவென்று ஆனதும், கழுத்தெலும்பு துருத்தியதும் என் கண்ணில் படாமல் இல்லை. பட்டன. தாளில் அதற்குக் கட்டம் இல்லை, அவ்வளவுதான்.

பத்தாவது வாரம் அவள் வீடு பூட்டியிருந்தது. இரண்டு நாள் கழித்து, காலையில், அவள் கணவர் என் அறையைத் தேடிக்கொண்டு வந்தார்.

"மல்லாட்டைக் கொல்லையில அவ மயங்கி உழுந்துட்டா. வேலூர் ஆஸ்பத்திரியில சேத்துக்கீறோம். எப்பத்துலருந்து சாப்பிடலனு டாக்டரு கேக்கறாரு. விரதம்னு சொல்லிக்கினு இருந்தா, நானும் நம்பிட்டேன். நீங்கதான் வாராவாரம் எழுதிக்கினு போனீங்களே. அந்தப் பேப்பரு குடுத்தீங்கன்னா அவருகிட்ட காட்டுவேன்."

தாள்கள் எல்லாம் நான் சாய்ந்து நின்ற மேஜையின் இழுப்பறையில் இருந்தன. விவரம் தெரிந்த டாக்டர் ஒருவர் அவற்றைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துகொள்வார், அவள் மனசுக்கு என்ன நோய் என்பதையும், நான் எப்பேர்ப்பட்டவள் என்பதையும்.

"அதெல்லாம் மெட்ராஸுக்கு அனுப்பிட்டேங்க" என்றேன்.

"சரிங்க, பரவால்ல" என்றார். "இவ்ளோ தூரம் வந்து அவள வெசாரிச்சது நீங்க ஒருத்தருதான்." கும்பிட்டுவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

ஓடிப்போய் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பிடித்திருக்கலாம். வேலூர் பஸ் ஆள் சேரும்வரை நிற்கும் என்பது எனக்குத் தெரியும். செய்யவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெட்கக்கேடு, அன்று மதியம் எனக்கு நன்றாகப் பசித்தது.

அந்த ஒன்பது வாரத் தாள்களும் என் ஆய்வேட்டுக்குப் போயின. பட்டமும் கிடைத்தது. அவள் வீடிருந்த தெருவுக்கு நான் அதன் பிறகு போகவே இல்லை. அவள் பிழைத்தாளா என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டால் யாராவது பதில் சொல்லிவிடுவார்களே என்று பயம்.