ஏலக்கூடத்தில் தைல வாசம்

பதற்றத்துக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத ஆள் தேனிப் பக்கம் ஒருவர்கூடக் கிடையாது. எனக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும், விரல்கள் மரத்துப்போகும், இதோ செத்தேன் என்று தோன்றும். விஷயம் வெளியே தெரிந்த நாளிலிருந்து ஆளாளுக்கு என் பையில் எதையாவது திணித்தார்கள். மனைவி குச்சனூர் கோயிலிலிருந்து கறுப்புக் கயிறு கொண்டுவந்தாள். மச்சினன், இரும்பு கையில் இருந்தால் நடுக்கம் நிற்கும் என்று எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிக்கொத்து ஒன்றைக் கொடுத்தான். தேனியில் பார்த்த டாக்டர் மாத்திரையோடு ஒரு மஞ்சள் ரப்பர் பந்தும் தந்து, பயம் வரும்போது அமுக்குங்கள் என்றார். ஐம்பதை நெருங்கும் ஆள் போடி பஜாரில் பந்தை அமுக்கிக்கொண்டு நடந்தால் பயம் போகுமோ என்னவோ, மானம் போய்விடும்.

உண்மையில் என் பதற்றத்துக்குக் கேட்ட மருந்து ஒன்றே ஒன்றுதான். பொட்டிக்கடையில் விற்கும் சின்னத் தைல டப்பா. விரலில் தொட்டு மூக்கில் தடவினால் கண் எரியும், உயிர் உடம்புக்குத் திரும்பிவிடும்.

ஆனால் நான் பிழைப்பது போடியில், ஏலக்காய் வியாபாரத்தில். காய் பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் கடையில் சாமி படத்துக்குக்கூட ஊதுபத்தி கிடையாது, பூவோடு சரி. சென்ட் அடித்து வந்த கல்யாணத் தரகரை என் மாமனார் வாசலிலேயே நிற்கவைத்துப் பேசி அனுப்பியிருக்கிறார். அந்த ஊரில் தைல டப்பாவுக்கு ஏங்கும் வியாபாரி நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன்.

கடை மாமனாருடையது. நான் வீட்டோடு மாப்பிள்ளை. ஏலத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த பிறகு, முழங்கால் வலி என்று சொல்லி அவர் ஏலத்துக்குப் போவதை நிறுத்திவிட்டு என்னை அனுப்பினார். ஏலக்கூடத்தில் எங்கள் கடைக்கு ஒரு நாற்காலி. எனக்கு இந்த ஊரில் மரியாதை என்று ஒன்று இருந்தால் அது அந்த நாற்காலிதான். வீட்டில் கிடைத்ததெல்லாம் சோறு.

போன தை மாதம் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போதே அது வந்தது. கதவைச் சாத்தி ஏசி போட்ட அறை, கீழே மிதிபடும் சாம்பிள் காய்கள், திரையில் ஏறிக்கொண்டே போகும் விலை. மேஜைக்கு அடியில் டப்பாவைத் திறந்து விரலில் தொட்டு மூக்கில் தடவினேன். உயிர் வந்தது, புத்தி வரவில்லை. அதே விரலால் அடுத்து வந்த சாம்பிள் தட்டைக் கிளறிவிட்டுப் பக்கத்தில் தள்ளினேன்.

பக்கத்தில் உட்காருபவர் கம்பத்து பாய், பெரிய வியாபாரி. இரண்டு காயை மூக்கருகே கொண்டுபோனவர் நிதானமாகச் சொன்னார்.

"இந்தக் காய்க்குச் சளி புடிச்சிருக்கு போலருக்கே."

கூடமே சிரித்தது. காய்க்குச் சொந்தக்காரர் மட்டும் எழுந்து கத்தினார். நான் கடைக்குத் திரும்புவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சொன்னவர்களும் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை மாமனார் மூட்டை தூக்குபவர்கள் முன்னிலையில் என் சட்டைப் பைகளில் இருந்ததைக் கல்லா மேல் கொட்டச் சொன்னார். சாவிக்கொத்து, பந்து, தைல டப்பா.

"ஆம்பளைக்கு வர்ற நோக்காடா இது? புள்ளைத்தாச்சி கணக்கா மோந்துக்கிட்டுத் திரியிறீக. இனிமே ஏலத்துக்கு நானே போறேன். நீங்க கல்லாவப் பாருங்க மாப்ளே."

டப்பாவைத் தன் கையாலேயே சாக்கடையில் போட்டார். தலையில் தட்டினால்கூட அவ்வளவு வலித்திருக்காது. முழங்கால் வலிக்காரர் என்பதால் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடும் வேலை மட்டும் எனக்கு மிஞ்சியது. அன்றைக்கு வழியெல்லாம் அவரை மனசுக்குள் கிழி கிழியென்று கிழித்தேன்.

ஏலக்கூடத்துப் படியை அவர் சுலபமாகத்தான் ஏறினார். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். உள்ளேயிருந்து ஆட்கள் கைகாட்டிக் கூப்பிட்டார்கள். அவர் நகரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தக் குளிர் மாதத்தில் காதோரம் வியர்வை ஓடியது, உதடு வெளுத்திருந்தது. அந்த முகத்தை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.

"மாப்ளே, வேற டப்பா எதுவும் வச்சிருக்கீகளா?"

"நீங்கதான மாமா சாக்கடையில போட்டீக."

சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். அவர் சுவரைப் பிடிக்கத் துழாவினார், சுவர் எட்டவில்லை. நான் கையை நீட்டினேன். மூன்றாந்தரக் காயைப் பார்ப்பதுபோல அதை ஒரு முறை பார்த்தார். பிறகு நகம் பதியப் பிடித்துக்கொண்டார்.

உள்ளே போனோம். எங்கள் கடை நாற்காலியை அவர் எனக்குத் தள்ளிவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு ஒட்டி உட்கார்ந்தார். அன்றைக்கு ஏலம் முடியும்வரை நான் ஒரு கையால்தான் காய் பார்த்தேன். மற்ற கை மேஜைக்கு அடியில் அவரிடம் இருந்தது.