வந்து போன மச்சம்

என் வீட்டுக்காரருக்கு நாற்பது வயதுக்கு மேல் இடுப்பில் ஒரு மச்சம் முளைத்தது. மடுல்கெல்லையில் இருக்கும் தன் தம்பிக்கு வீட்டுப் பின்புறத்துப் பற்றைக்காட்டை வெட்டிக் கொடுத்துவிட்டு வந்த வாரம் அது. கறுப்பாக, மிளகளவு. குளிக்கும்போது கண்டுபிடித்து, லொத்தர்ச் சீட்டில் பரிசு விழுந்தவர் மாதிரி ஓடிவந்து காட்டினார். கண்டியில் எங்களோடு இருந்த அவருடைய அக்காவுக்கு மச்ச சாஸ்திரம் தலைகீழ்ப் பாடம். "வலது இடுப்புல மச்சம் வந்தா புரமோஷன் வரும்டா தம்பி," என்றார். மாநகர சபையில் கிளார்க்காகவே தேய்ந்துகொண்டிருந்த மனிதர், அன்று கண்ணாடி முன்னால் நின்று நின்று பார்த்தார். சில நாளில் மச்சம் உதிர்ந்துவிட்டது. உதிர்ந்த மச்சத்துக்கு என்ன பலன் என்று கேட்டேன். அக்கா என்னை முறைத்தார்.

புரமோஷன் வரவில்லை, காய்ச்சல் வந்தது. பிறகு கை, கால், உள்ளங்கை வரை சிவப்புச் சிவப்பாகப் புள்ளிகள். "அம்மா போட்டிருக்கு," என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டார். அம்மை என்றால் முத்து முத்தாக நீர் கட்ட வேண்டுமே என்றேன். "அதெல்லாம் போகப் போக முத்துப் போடும். அம்மா இருக்கிற வீட்டுல எதிர்த்துப் பேசாத." கண்டிக் குளிரில் வேப்பமரத்துக்கு எங்கே போவது? மாத்தளைக்கு ஆள் அனுப்பி, பஸ்ஸில் ஒரு கட்டு வேப்பிலை வந்தது. வீட்டில் தாளிதம் நின்றது, மருந்தும் நின்றது. நான் சத்தம் போட்டுப் பேசுவதற்கும் தடை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் அவர் பிதற்ற ஆரம்பித்தார். அக்கா கைகூப்பி, "தாயே, என்ன வேணும்?" என்று கேட்டால், "தண்ணி பில்ல பக்கத்து கவுண்டர்ல கட்டுங்க," என்று பதில் வரும். தாய் இளநீர் கேட்கிறாள் என்று அக்கா அர்த்தம் சொல்லி, இளநீர் வெட்டினார். செய்தி பரவி, பக்கத்து வீட்டு அம்மா வந்து மகளுக்கு எப்போது கல்யாணம் நடக்கும் என்று கேட்டார். "போட்டோ ரெண்டு கொண்டு வாங்க," என்றார் இவர். இரண்டு மாப்பிள்ளை வரப்போகிறார்கள் என்று அந்த அம்மா பூரித்துப் போனார். நான் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரித்தேன்.

சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இளநீர்ச் செம்பு நழுவி, அவர் தலைமாட்டில் சீமெந்துத் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் அக்கா துள்ளிவிட்டார். இவர் இமைகூட அசையவில்லை. "இங்க பாருங்க," என்று காதருகே போய்க் கத்தினேன். என் உதட்டைத்தான் பார்த்தார். இவருக்குக் காதே கேட்கவில்லை, நாங்கள் அருள்வாக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்!

"அம்மா கோவிச்சுக்குவா," என்று அக்கா கதவை மறித்தார்.

"அம்மாவையும் சேத்துத்தான் கூட்டிட்டுப் போறேன். த்ரீவீலுக்கு சொல்லுங்க."

பேராதனை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டொக்டரம்மா ஒருவர் இருந்தார். புள்ளிகளை உள்ளங்கையில் கண்டதும், "உண்ணி ஏதும் கடிச்சதோ?" என்று கேட்டார்.

"அதெல்லாம் இல்லைங்க டொக்டர். இடுப்புல ஒரு மச்சம் வந்துச்சு. வந்து போயிருச்சு."

அவர் எழுதுவதை நிறுத்தினார். "மச்சம் எங்கயம்மா போறது? அதுதான் உண்ணி. ரத்தம் குடிச்சு முடிய விழுந்திட்டுது."

அக்கா மெதுவாக என் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"உண்ணிக் காய்ச்சல் இந்தப் பக்கம் நாங்கள் காணிறதுதான். ஆனா இவருக்கு மூளையையும் காது நரம்பையும் பிடிச்சிட்டுது. அப்பிடி வாறது குறைவு. மருந்து துவங்குறம். உயிருக்குப் பயமில்லை எண்டு இப்ப சொல்லேலாது, காதும் அப்பிடித்தான்."

மருந்துக்குக் காய்ச்சல் அடங்கியது, பிதற்றலும் நின்றது. காது மட்டும் திறக்கவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து திட்டினேன், கெஞ்சினேன். கேட்காதவரிடம் என்ன வெட்கம் என்று, கல்யாணம் ஆனதிலிருந்து சொல்லாத ஆசையை எல்லாம் சொன்னேன். ஒரு காலை, வலப்பக்கம் நின்று அக்காவின் சாஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டிருந்தேன். "மெதுவா பேசு, வார்டு பூரா கேக்குது," என்றார் இவர். நான் வாய்விட்டு அழுதேன்.

இடக்காது திரும்பவே இல்லை. இப்போது எனக்குக் கோபம் வந்தால், நல்ல காதைத் தலையணையில் புதைத்துக்கொண்டு படுத்துவிடுகிறார். நான் நிறுத்துவதில்லை, செவிட்டுக் காதிடமே எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறேன். திட்டுவதற்கு ஆள் பக்கத்தில் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கிறார், எனக்கு அது போதும்.