ஒற்றைக்காது நரி

ஆறு வருஷம் பகலெல்லாம் அச்சகத்தில் விசிட்டிங் கார்டு வடிவமைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து அண்ணனின் வீடியோ கேமுக்குப் படம் வரைந்தேன். அதில் வரும் மரம், மலை, கதாநாயகனான அந்த ஒற்றைக்காது நரி, எல்லாமே என் கைவேலை.

கேம் உருவாக்குபவர்கள் கூடிய அரங்கில் அந்த கேமின் அறிமுகம் நடந்தது. மைக் வந்ததும் அண்ணன் கூசாமல் சொன்னான்: "கதை, கோடிங், படம், எல்லாம் நான் ஒருத்தன்தாங்க. இது என் தங்கச்சி, சும்மா கூட வந்திருக்கா."

அதற்கு ஒரே கைதட்டல் வேறு.

முடிந்ததும் ஒரு அம்மா எங்கள் மேஜைக்கு வந்து அவனிடம் நோட்டை நீட்டினார். "என் பொண்ணுக்கு அந்த நரியை வரைஞ்சு குடுங்க சார்."

அண்ணன் நோட்டை மெல்ல என் பக்கம் நகர்த்தினான்.

திருப்பி அவனிடமே தள்ளினேன். "நீயே வரைண்ணா. சும்மா வந்தவ நான், வேடிக்கை பாக்குறேன்."